பத்தாயிரம் பின்தொடர்வோர் விலைக்கு வருகிறார்கள், வாங்கலாமா?

கேள்வி: வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறேன். இன்ஸ்டாகிராமில் எட்டு மாதமாகியும் பின்தொடர்வோர் 640 பேர்தான். ‘மனோதத்துவ முறையில் பிராண்டை வளர்த்துத் தருகிறேன்’ என்று ஓர் ஏஜென்ட் வந்திருக்கிறார். 9,000 ரூபாய்க்குப் பத்தாயிரம் பின்தொடர்வோர், ஐம்பது பாராட்டு விமர்சனங்கள், தினமும் ‘இன்னும் இரண்டே சேலை’ என்றொரு பதிவு. சேரலாமா?
வாசகி, மதுரை

பதில்: வேண்டாம். அந்தப் பத்தாயிரத்தில் சேலை கட்டுகிறவர் ஒருவர்கூட இருக்கமாட்டார். பெரும்பாலும் பொம்மைக் கணக்குகள். உங்கள் பதிவை நின்று பார்க்கிறார்களா, தோழிக்கு அனுப்புகிறார்களா என்பதை வைத்துத்தான் இன்ஸ்டாகிராம் அதை மேலும் பலருக்குக் காட்டும். பொம்மைகள் அனுப்புமா? பத்தாயிரம் பேர் உள்ள பக்கத்தில் பன்னிரண்டு லைக் கிடந்தால் வாங்க வந்தவருக்கே விஷயம் விளங்கிவிடும்.

அவர் சொல்லும் மனோதத்துவம் நம் சந்தைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். கூட்டம் நிற்கும் கடைக்குக் கூட்டம் போகும். தீரப்போகிறது என்றால் கை பரபரக்கும். ஆனால், இல்லாத தட்டுப்பாட்டைக் காட்டி அவசரப்படுத்துவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் தடை செய்திருக்கிறது. காசு கொடுத்து எழுதவைக்கும் பொய் விமர்சனமும் வாங்குபவரை ஏமாற்றுவதுதான். நாளை கேள்வி வந்தால் ஏஜென்டை எந்த அதிகாரியும் தேடிப்போகமாட்டார். பில்லில் இருப்பது உங்கள் பெயர்.

ஒரே ஒரு விலக்கு உண்டு. துணியில் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய சேலை ஒன்றைப்போல் இன்னொன்று அமையாது. அதற்கு ‘ஒன்றே ஒன்றுதான்’ என்று எழுதலாம். விற்றதும் அதே பதிவில் ‘விற்றுவிட்டது’ என்று சேர்த்துவிடுங்கள். அதே படத்தை மறுநாள் திரும்பப் போடாதீர்கள். ஒரே நிறத்தில் மூன்று இருந்தால் மூன்று என்றே எழுதுங்கள். அச்சுச் சுங்குடிக்கு இந்தச் சலுகை கிடையாது. கேட்டால் நூறு அடித்துத் தருவார்களே! கைமுடிச்சா அச்சா என்பதையும் பதிவிலேயே சொல்லிவிடுங்கள்.

சாயம் காய்ந்த சேலையை ஆளுக்கொரு முனை பிடித்து இழுக்கும்போது முடிச்சுகள் படபடவென்று தெறித்துப் புள்ளிகள் வெளிப்படும் அல்லவா? அதை இருபது விநாடி கைப்பேசியில் எடுங்கள். பேச்சு, பாட்டு எதுவும் வேண்டாம், அந்தச் சத்தம் போதும். என்ன தெரியப்போகிறது என்ற ஆவலிலேயே விரல் நின்றுவிடும். இதற்கு ஏஜென்ட் எதற்கு?

எனக்கு உண்மையான கவலை வேறு. அவர் கடவுச்சொல் கேட்டாரா? கேட்டிருப்பார். முதலில் கடவுச்சொல், பிறகு ‘வசதிக்காக’ அவருடைய மின்னஞ்சல், அவருடைய எண். பணத் தகராறு வந்த அன்று பக்கம் அவருடையதாகிவிடும். இன்ஸ்டாகிராமிடம் புகார் கொடுத்தால், ‘உங்கள் கோரிக்கையைப் பெற்றுக்கொண்டோம்’ என்று இயந்திரம் பதில் அனுப்பும். மனிதர் ஒருவரைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மேல்முறையீட்டுக்கு மத்திய அரசு 2023இல் குழுக்கள் அமைத்தது. அங்கே போகவும் முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரியிடம் முறையிட்டிருக்க வேண்டும். தீபாவளி வியாபாரம் இதற்கெல்லாம் காத்திருக்குமா?

இன்றே கணக்கின் அமைப்புகளைத் திறந்து மின்னஞ்சல், எண் இரண்டும் உங்களுடையவையா என்று பாருங்கள். கடவுச்சொல்லோடு ஒரு குறியீட்டையும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். கையில் 9,000 ரூபாய் இருந்தால், அந்த முடிச்சு வீடியோவையே நாளுக்கு 200 ரூபாய் வீதம் பத்து நாள் விளம்பரமாக ஓட்டிப் பாருங்கள். விளம்பரக் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். 18 சதவீத ஜிஎஸ்டி தனி.