பழைய மொறிஸ் மைனரின் பெடல்களை நானே கழற்றிப் பூட்டலாமா?

கேள்வி: அப்பப்பாவின் மொறிஸ் மைனர் 1000 எங்களிடம் இருக்கிறது. பிரேக் பெடல் பக்கவாட்டில் ஆடுகிறது, கிளச் மிதித்தால் கிறீச்சென்று சத்தம். திருகோணமலையில்தான் இருக்கிறேன். பெடல்களை முழுதாகக் கழற்றிப் பூட்ட வேண்டுமா? வீட்டில் செய்யலாமா?

செய்யலாம். உவர்மலையில் எங்கள் வீட்டு முற்றத்தில் வைத்து 948 சிசி மைனர் ஒன்றுக்கு நான் இதைச் செய்தேன். சாவி பிடித்த நேரம் இரண்டு சனி ஞாயிறு. சாமான் வரக் காத்திருந்த நாட்களையும் சேர்த்தால் ஒரு மாதம்.

மைனரில் பிரேக், கிளச் இரண்டு பெடலும் தரைக்குக் கீழே ஒரே தண்டில்தான் சுழல்கின்றன. அந்தத் தண்டைத் தாங்கும் உலோக வளையமான புஷ் தேய்ந்தால் பெடல் ஆடும், கிறீஸ் இல்லாமல் காய்ந்தால் கத்தும். நம் ஊரில் இது சீக்கிரம் நடக்கும். உவர்மலை, உப்புவெளி என்று ஊர்ப் பெயரிலேயே உப்பு இருக்கிறது. கடற்கரைக்குப் போய்வரும் காலிலிருந்து கொட்டும் மணல் கம்பளத்துக்கு அடியில் சேர்ந்து, பழைய கிறீஸோடு குழைந்து, அரம் மாதிரி தண்டை ராவிக்கொண்டே இருக்கும். போதாததற்கு மார்கழி மழையில் கீழிருந்து அடிக்கும் தண்ணீர். என் வண்டியில் கிறீஸ் அடிக்கும் சிறு மூக்கான நிப்பிளைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் கறளைச் சுரண்ட வேண்டியிருந்தது.

முதலில் கம்பளத்தை எடுத்து, சாரதி பக்கத் தரைத் தகட்டின் திருகுகளுக்கு முதல்நாள் மாலையே கறள் இளக்கும் எண்ணெய் விட்டுவிடுங்கள். பொறுமையில்லாமல் முறுக்கினால் தலை உடைந்து, பிறகு துளைபோடும் வேலை வரும். வண்டிக்குக் கீழே போக வேண்டியிருக்கும், அதனால் ஜக்கை மட்டும் நம்பாமல் உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள். நான் இதில் யாரோடும் சமரசம் செய்வதில்லை.

பெடலை மிதித்தால் பிரேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் அங்கேயே, வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் காலுக்குள் ஒளிந்திருக்கிறது. பிரேக் ஒயில் ஊற்றும் மூடியும் தரைக்கு அடியில்தான், ஆகவே அதைத் திறக்க முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தெடுங்கள். சிலிண்டரையும் கழற்றுவதென்றால் அதன் இரண்டு போல்ட்டுகள் வெளியே வர டோர்ஷன் பார் இடம் விடாது. அந்தப் பார்தான் முன்சில்லின் ஸ்பிரிங், வண்டியின் பாரம் அதில் முறுகி நிற்கிறது. சஸ்பென்ஷன் வேலை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தளர்த்தாதீர்கள். திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை எதிர்ப்பக்கத்திலிருந்து போட்டால் அடுத்த முறை அந்தத் தொல்லை இல்லை.

தண்டு கையில் வந்ததும் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். நான் அதை ஒரு சாக்கில் சுற்றி, ஆஸ்பத்திரி வீதிப் பக்கம் லேத் வைத்திருக்கும் வயதான ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் அளவுகோலை எடுக்கவில்லை. கட்டைவிரல் நகத்தைத் தண்டின் நீளத்துக்கு மெல்ல ஓட்டினார். ஒரு இடத்தில் நகம் ‘டிக்’ என்று விழுந்தது. “தம்பி, இதிலதான் புஷ் இருந்திருக்கு. நீரும் ஓட்டிப் பாரும்” என்றார். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படியை விரல் சொன்னது. புதிய புஷ் போட்டாலும் இந்தப் படியின் மேல் ஓடினால் சில மாதத்தில் மறுபடி ஆடும் என்பதால், தண்டை அந்தப் படி மறையும் மட்டும் சீவி, அந்த அளவுக்கே வெண்கலத்தில் புஷ் கடைந்து தந்தார்.

புஷ்ஷை இறுக்கி அடித்ததும் அதன் உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும். ஆகவே அடித்த பிறகுதான், துளையை அளவுக்குச் சீவும் ரீமரைப் போட்டுச் சரிபார்க்க வேண்டும். கிறீஸ் நிப்பிளின் துளையும் புஷ்ஷின் துளையும் ஒன்றுக்கொன்று நேரே வருகிறதா என்று கம்பி விட்டுப் பாருங்கள். இதை விட்டுவிட்டால் எவ்வளவு கிறீஸ் அடித்தாலும் தண்டுக்குப் போகாது. கிளச் கம்பிகளின் மூட்டுகளையும் பாருங்கள்: மூட்டைக் கோக்கும் ஊசி, அதன் துளை, கம்பிகளுக்கு இடையில் அசைவைக் கடத்தும் ரிலே தண்டின் புஷ். துளைகள் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தால் பெடலின் ஆட்டத்தில் பாதி அங்கேதான் இருக்கும். றப்பர் சாமான்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைத்தன. அவற்றுக்கு சாதாரண கிறீஸோ என்ஜின் ஒயிலோ பூச வேண்டாம், ஊதிப்போகும். பிரேக் ஒயில் மட்டும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் ஆடும் பெடலைவிட இதுதான் எனக்குப் பயம் தருகிறது. எல்லாம் பூட்டி முடித்து நிலாவெளிப் பக்கம் ஓட்டிப் பார்த்தேன். உப்புவெளி தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை. இன்னும் கொஞ்சத் தூரத்தில் சில்லுகள் கருகிய வாசம், கடைசியில் நின்றேவிட்டது. பெடலில் காலே இல்லை, ஆனால் பிரேக் பிடித்திருக்கிறது! ஒரு சில்லில் பிரேக்கின் காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிளைச் சற்றுத் தளர்த்தியதும் ஒயில் பீறிட்டது, சில்லு விடுபட்டது. அப்போதுதான் விளங்கியது: புதிதாக வெட்டிய தரைத் தகட்டின் விளிம்பு பெடலை உரசி, அதை முழுதாக மேலே வர விடவில்லை. மாஸ்டர் சிலிண்டரில் ஒயில் திரும்பிப் போக ஒரு சிறு துளை உண்டு. பெடல் முழுதாக எழாவிட்டால் பிஸ்டன் அந்தத் துளையை மூடியே வைத்திருக்கும். பிரேக் சூடாகி ஒயில் விரிய, அழுத்தம் போக வழியில்லாமல் நான்கு சில்லும் தானாகவே இறுகிவிடும்.

ஆகவே பூட்டியபின் கையால் பெடலை மெதுவாக அழுத்துங்கள். பெடலின் தள்ளுகம்பி மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தொடுவதற்கு முன் சிறிது சும்மா நகர வேண்டும். தடித்த கம்பளத்தையும் போட்ட பிறகு மறுபடி பாருங்கள். கிளச்சுக்கும் அப்படி ஓர் இடைவெளி வேண்டும். மிதிக்கும்போது கிளச்சை அழுத்தி விடுவிக்கும் ரிலீஸ் பெயரிங் மைனரில் ஒரு கார்பன் வளையம், எந்நேரமும் உரசிக்கொண்டிருந்தால் தேய்ந்துபோகும். கிளச் கம்பியின் முனையிலுள்ள நட்டில் அந்த இடைவெளியைச் சரிசெய்யலாம்.

முதல் ஓட்டத்தை உட்துறைமுக வீதிப் பக்கம் சிறிதாக வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தியதும் நான்கு சில்லின் பிரேக் டிரம்முக்கும் கிட்ட, தொடாமல், கையைக் கொண்டுபோய்ச் சூட்டைப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் கோளாறு அந்தச் சில்லில். எல்லாம் சுட்டால் பெடலுக்குத் திரும்பிப் போங்கள். தண்டு வெளியே வந்ததும் ஒரு படம் போடுங்கள், நகம் எங்கே விழுகிறது என்று எழுதுங்கள். சீவினால் போதுமா, புதிதாகக் கடைய வேண்டுமா என்று சேர்ந்து பார்ப்போம்.