கண் கூசும் எதிர்வெளிச்சம்: இரவில் வண்டி ஓட்டுவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. வேலை முடிந்து தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்குக் காரில் திரும்பும்போது பெரும்பாலும் இருட்டிவிடுகிறது. எதிரே வரும் வாகனங்களின் ஹெட்லைட் வெளிச்சம் பட்டதும் சில நொடிகள் எனக்குச் சாலையே தெரிவதில்லை. இது எனக்கு மட்டும் உள்ள குறையா? அந்த நொடிகளில் நான் என்ன செய்ய வேண்டும்? (வாசகி, பட்டுக்கோட்டை)

பதில்: இரவில் வண்டி ஓட்டும் எல்லோருக்கும் ஓரளவு ஏற்படுவதுதான் இது. ஆனால், எல்லோருக்கும் ஏற்படுகிறது என்பதற்காகச் சாதாரணமாக விட்டுவிடக் கூடாது. இருட்டில் கண்ணின் பாவை விரிந்து, விழித்திரையில் உள்ள குச்சி வடிவச் செல்கள் மிகக் குறைந்த ஒளியைக் கொண்டே பார்க்கப் பழகுகின்றன. முழுமையாகப் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடங்கள் வரை ஆகும். அப்படிப் பழகிய கண்ணில் பலத்த வெளிச்சம் நேராக விழும்போது, அந்த ஒளி கண்ணுக்குள்ளேயே சிதறி, வெண்ணிறத் திரையைப் போலக் காட்சியின் மீது படர்ந்துவிடுகிறது. வாகனம் கடந்து போன பிறகும் இழந்த உணர்திறன் திரும்பச் சில நொடிகள் பிடிக்கும். வயது கூடக் கூட அந்த நேரமும் கூடும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டரைக் கடக்கிறது. மூன்று நொடிகள் பார்வை மங்கினால், 50 மீட்டர் தூரத்தை நீங்கள் பார்க்காமலேயே கடந்திருப்பீர்கள்.

ஆகவே முதலில் குறைக்க வேண்டியது வேகம். வெளிச்சம் கண்ணில் பட்ட பிறகு அல்ல, எதிர் வாகனம் தொலைவில் தெரியும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுங்கள். கண் கூசியவுடன் திடீரென்று பிரேக்கை மிதித்தால், அதே வெளிச்சத்தில் தடுமாறியபடி உங்களுக்குப் பின்னால் வருபவர் வந்து மோதக்கூடும். அடுத்து, பார்வையை எதிர் விளக்கிலிருந்து விலக்கி, சாலையின் இடது ஓரக் கோட்டின் மீது செலுத்துங்கள். கோடு இல்லாத சாலையில், தார் முடிந்து மண் தொடங்கும் விளிம்பே உங்களுக்கு வழிகாட்டி. வெளிச்சம் எங்கே இருக்கிறதோ அங்கே பார்வை தானாகவே போகும்; என்னிடம் ஓட்டுநர் பயிற்சிக்கு வருபவர்களிடம் இரவு ஓட்டத்தில் முதலில் மாற்றச் சொல்வது இந்தப் பழக்கத்தைத்தான்.

ஆனால் ‘இடது ஓரத்தைப் பார்’ என்ற அறிவுரையோடு நின்றுவிடுவதை நான் ஏற்பதில்லை. நம் ஊர்ச் சாலைகளில் அந்த இடது ஓரத்தில்தான் பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர் நிற்கிறது, மாடு படுத்திருக்கிறது, பழநிக்கும் வேளாங்கண்ணிக்கும் பாதயாத்திரை செல்வோர் கூட்டமாக நடக்கிறார்கள். ஓரத்தைப் பார்க்க வேண்டுமே தவிர, வண்டியை ஓரத்துக்கு ஒதுக்கிவிடக் கூடாது. இன்னொன்றையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: எதிரெதிரே இரு வாகனங்கள் நெருங்கும்போது, நடுவில் சாலையைக் கடக்கும் ஆள் இரு பக்க வெளிச்சமும் தன்மீது விழுவதால் தன்னை இருவரும் பார்த்துவிட்டார்கள் என்று நம்புவார், ஓட்டுநர்களோ, எதிர் விளக்கின் கூச்சத்தில் அவரைச் சற்றும் கண்டிருக்க மாட்டார்கள். அந்த இடைவெளியில் யாரோ ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொண்டே ஓட்டுங்கள்.

உங்கள் காரின் முன்கண்ணாடியையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். நம்மில் பலர் வெளிப்புறத்தை நாள்தோறும் துடைக்கிறோம். உட்புறத்தைத் தொடுவதே இல்லை. வெயிலில் நிற்கும் காரில் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து வெளியேறும் ஆவி, கண்ணாடியின் உட்பக்கத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலமாகப் படிகிறது. பகலில் அது கண்ணுக்குத் தெரியாது. இரவில் ஒரு தெருவிளக்கை நோக்கிக் காரை நிறுத்தி உள்ளிருந்து பாருங்கள். விளக்கைச் சுற்றிப் புகை போன்ற வட்டம் தெரிந்தால் படலம் இருக்கிறது. வில் வடிவக் கீறல்கள் மின்னினால், வைப்பரின் தேய்ந்த ரப்பர் கண்ணாடியைக் கிழித்திருக்கிறது. படலத்தைக் கண்ணாடி துடைக்கும் திரவமும் சுத்தமான துணியும் கொண்டு நீக்கிவிடலாம். ஆழமான கீறல்களுக்குக் கண்ணாடியை மாற்றுவதே வழி. செலவுதான் என்றாலும், இரவில் தவறாமல் ஓட்டுபவருக்கு அது வீண்செலவு அல்ல.

காருக்குள் இருக்கும் வெளிச்சத்தையும் குறையுங்கள். மீட்டர் விளக்கின் பிரகாசத்தைத் தணித்து, வழி காட்டும் கைப்பேசியை இரவு நிறத்துக்கு மாற்றிவிடுங்கள். பின்னால் வரும் வாகனத்தின் வெளிச்சம் உறுத்தினால், உட்புறப் பின்பார்வைக் கண்ணாடியின் அடியில் இருக்கும் சிறிய நெம்புகோலைத் தள்ளுங்கள். கண்ணாடியின் கோணம் மாறி, மங்கலான பிம்பம் மட்டுமே கண்ணுக்கு வரும்.

கேள்வி: பெட்ரோல் பங்க் அருகிலும் இணையத்திலும் ‘நைட் டிரைவிங்’ மஞ்சள் கண்ணாடி விற்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், தேனி)

பதில்: வேண்டாம். மஞ்சள் கண்ணாடியை அணிந்ததும் காட்சி தெளிவடைந்ததாகத் தோன்றும். அந்தத் தோற்றத்தை நம்பித்தான் பலர் வாங்குகிறார்கள். நிறமுள்ள எந்தக் கண்ணாடியும் கண்ணுக்கு வரும் ஒளியில் ஒரு பங்கைத் தடுத்துவிடும். எதிர் விளக்கின் ஒளி எந்த அளவுக்குக் குறைகிறதோ, ஏறத்தாழ அதே அளவுக்கு, இருட்டில் நடந்துவரும் மனிதரின் உடையிலிருந்து வரும் சொற்ப ஒளியும் குறைந்துபோகிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரிலுள்ள ஷெபென்ஸ் கண் ஆய்வு நிறுவனத்தினர், செயற்கையான ஓட்டுநர் இருக்கையில் ஆட்களை அமர்த்திச் சோதித்து 2019-இல் வெளியிட்ட ஆய்விலும், மஞ்சள் கண்ணாடி பாதசாரியைக் கண்டறிவதில் எந்த முன்னேற்றத்தையும் தரவில்லை.

நீங்கள் ஏற்கெனவே பவர் கண்ணாடி அணிபவராக இருந்தால், நிறமற்ற எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு உள்ள லென்ஸைக் கேட்டு வாங்குங்கள். பூச்சில்லாத சாதாரண லென்ஸின் இரு பரப்புகளும் சேர்ந்து 8 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. இரவில் விளக்குகளின் இரட்டைப் பிம்பங்கள் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். பூச்சு இந்த எதிரொளிப்பைக் குறைக்கும். எதிர் வாகனத்தின் வெளிச்சத்தை அது குறைக்காது என்பதையும் அறிந்தே வாங்குங்கள்.

கேள்வி: என் பழைய காரில் ஹாலஜன் பல்பு மங்கலாக இருந்ததால், மெக்கானிக் அதே இடத்தில் எல்.இ.டி. பல்பு போட்டுக் கொடுத்தார். வெளிச்சம் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் நான் லோ பீமில், அதாவது விளக்கைத் தாழ்த்திப் போகும்போதும் எதிரே வருபவர்கள் எல்லோரும் எனக்கு டிம் அடிக்கிறார்கள். தவறு எங்கே? (வாசகர், நாமக்கல்)

பதில்: தவறு பல்பில் இருக்கிறது, எதிரே வருபவர்கள் சொல்வது சரி. உங்கள் காரில் முன்பு இருந்த ஹாலஜன் பல்பை, அது எச்4 வகையாக இருந்தால், மெக்கானிக்கிடமிருந்து வாங்கிக் கையில் வைத்துப் பாருங்கள். உள்ளே இரண்டு இழைகள் இருக்கும். அவற்றில் லோ பீம் இழையின் அடியில் மட்டும், நகத்தளவு உலோகத் தகடு கிண்ணம் போல வளைந்திருக்கும். இழையின் ஒளி கீழ்ப்பக்கம் போகாமல் அந்தத் தகடு தடுப்பதால், அது பல்பைச் சுற்றியுள்ள பளபளப்பான பிரதிபலிப்பானின் மேற்பாதியில் மட்டும் பட்டு, அங்கிருந்து சாலையை நோக்கிக் கீழே இறங்குகிறது. எதிரே வருபவரின் கண் மட்டத்துக்கு வெளிச்சம் ஏறாமல் காப்பது இந்தச் சிறு தகடும், இழை அமைந்திருக்கும் துல்லியமான இடமும்தான். பிரதிபலிப்பானின் வளைவு முழுவதும் அந்த ஒரு புள்ளியைக் கணக்கிட்டே செய்யப்பட்டிருக்கிறது. எல்.இ.டி. பல்பிலோ, ஒளி தட்டையான பலகையின் இரு பக்கங்களிலிருந்து, வேறு இடத்திலிருந்து, வேறு பரப்பளவில் புறப்படுகிறது. விளைவாக, வெளிச்சம் சாலையில் குவிவதற்குப் பதிலாக மேலும் பக்கவாட்டிலும் சிதறுகிறது. காருக்கு அருகே தரை பளிச்சென்று தெரிவதால் உங்களுக்குப் பிரமாதமாகத் தோன்றுகிறது. அருகில் இருக்கும் அந்தப் பளிச்சிடலே தொலைவிலுள்ள இருட்டைப் பார்க்கும் உங்கள் திறனையும் குறைக்கிறது. தொழிற்சாலையிலேயே எல்.இ.டி. விளக்கோடு வரும் கார்களுக்கு இது பொருந்தாது. அவற்றின் பிரதிபலிப்பானும் லென்ஸும் அந்த விளக்குக்காகவே வடிவமைக்கப்பட்டவை.

சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 106-ஆவது விதியின்படி, விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னே, அதன் வலது விளிம்பிலிருந்து அரை மீட்டர் வலப்புறமாக, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவருக்குக் கூச்சம் ஏற்படாத வகையில் முகப்பு விளக்கு தாழ்த்தப்பட்டிருக்க வேண்டும், அல்லது ஓட்டுநர் தாழ்த்தக்கூடியதாக இருக்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் ஓர் ஆளின் கண் மட்டம் என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

ஹாலஜன் பல்புக்கே திரும்பிவிடுங்கள். பழைய பல்பு மங்கியதற்குக் காரணம் பெரும்பாலும் பல்பாக இருக்காது. வெயிலில் மஞ்சளித்துப்போன விளக்கின் பிளாஸ்டிக் முகப்பையும், துருப்பிடித்த இணைப்புகளையும் முதலில் சரிபார்க்கச் சொல்லுங்கள். மஞ்சளித்த முகப்பை மெருகேற்றினாலே வெளிச்சம் கணிசமாகக் கூடும், சிதறலும் குறையும். பிறகு சமதளத்தில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி லோ பீம் போடுங்கள். சுவரில் விழும் வெளிச்சத்தின் மேல் விளிம்பு, உங்கள் விளக்கின் மையம் இருக்கும் உயரத்தைவிட ஏறத்தாழ 10 செ.மீ. கீழே இருக்க வேண்டும். மேலே ஏறியிருந்தால் திருகைக் கொண்டு இறக்கிவிடலாம்.

பல கார்களில் ஸ்டீயரிங் அருகே 0 முதல் 3 வரை எண்கள் உள்ள சிறிய உருளை ஒன்று இருக்கும். அது எதற்கு என்றே தெரியாமல் பல ஆண்டுகள் ஓட்டுபவர்கள் உண்டு. குடும்பத்தோடு, டிக்கி நிறையச் சாமான்களோடு திருச்செந்தூருக்குப் புறப்படும்போது காரின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் உயர்கிறது. லோ பீமும் எதிர் ஓட்டுநரின் முகத்துக்கு ஏறிவிடுகிறது. அந்த உருளையை உயர்ந்த எண்ணுக்குத் திருப்பினால் வெளிச்சம் இறங்கும். சுமையை இறக்கியதும் மறக்காமல் 0-க்குக் கொண்டுவாருங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு 64 வயது. எல்லா விளக்குகளையும் சுற்றி நட்சத்திரம் போலக் கதிர்கள் தெரிவதாகச் சொல்கிறார். கண் பரிசோதனையில் எழுத்துகளைச் சரியாகப் படித்துவிட்டார். இரவில் ஓட்டலாமா? (வாசகி, விருதுநகர்)

பதில்: கண் மருத்துவரின் விரிவான பரிசோதனை முடியும் வரை அவரை இரவில் ஓட்ட விடாதீர்கள். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்துகளைப் படிப்பது வேறு, கூசும் வெளிச்சத்துக்குப் பக்கத்தில் மங்கலான உருவத்தைக் கண்டறிவது வேறு. முதல் சோதனையில் தேறியவர் இரண்டாவதில் தடுமாறலாம். 60 வயதைக் கடந்தவரின் விழித்திரையை எட்டும் ஒளி, 20 வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதற்கு மேல் கண்புரையின் தொடக்கமும் சேர்ந்தால், லென்ஸில் உள்ள கலங்கல் ஒவ்வொரு விளக்கையும் சிதறடிக்கும். குறிப்பாக, லென்ஸின் பின்பரப்பில் தோன்றும் கண்புரை, பார்வை அதிகம் குறைவதற்கு முன்பே கூச்சத்தை உண்டாக்கும். நீரிழிவு உள்ளவர்களுக்கும், நெடுநாள் ஸ்டீராய்டு மருந்து எடுத்தவர்களுக்கும் இவ்வகை கண்புரை வரும் வாய்ப்பு அதிகம். ஆகவே ‘பார்வை சரியாக இருக்கிறதா’ என்று மட்டும் கேட்காமல், ‘இரவில் எதிர் விளக்கு கூசுகிறது, கதிர்கள் தெரிகின்றன’ என்று மருத்துவரிடம் அப்படியே சொல்லச் சொல்லுங்கள். கண்புரையானால் அறுவை சிகிச்சையால் சரிசெய்யலாம். பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள் என்பதால், பரிசோதனை நாளில் நீங்களே அவரை அழைத்துச் செல்லுங்கள். விளக்கைச் சுற்றி வானவில் நிற வளையங்களோடு கண்வலியும் தலைவலியும் சேர்ந்து வந்தால், மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. கண்ணின் உள் அழுத்தம் திடீரென்று ஏறியிருக்கலாம், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: எதிரே வரும் லாரியோ பஸ்ஸோ ஹை பீமைக் குறைக்கவே மறுத்தால், நானும் ஹை பீம் போட்டுப் பாடம் புகட்டுவதில் என்ன தவறு? (வாசகர், ஓசூர்)

பதில்: கண் கூசிய அந்த ஓட்டுநர் ஓட்டிக்கொண்டிருப்பது, உங்களை நோக்கியே வரும் பல டன் எடையுள்ள வண்டியை. ஒருமுறை டிம் அடித்து நினைவூட்டுங்கள். குறைக்கவில்லையென்றால் வேகத்தைத் தணித்து அவரைப் போக விடுங்கள். மறந்துபோய் ஹை பீமில் வருபவர்கள் பலர் அந்த ஒருமுறையிலேயே குறைத்துவிடுவார்கள் என்பதையும் கவனித்திருப்பீர்கள்.

கேள்வி: நான் ஸ்கூட்டரில் இரவுப் பணிக்குச் செல்கிறேன். மழை நாட்களில் எதிர்வெளிச்சம் பட்டால் ஒன்றுமே தெரிவதில்லை. (வாசகி, அம்பத்தூர்)

பதில்: உங்கள் ஹெல்மெட்டின் முகக்கவசத்தை முதலில் பாருங்கள். தூசி படிந்த கவசத்தைத் துப்பட்டாவாலோ உலர்ந்த கைக்குட்டையாலோ துடைக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் தூசியே அதைக் கீறுகிறது. ஒவ்வொரு கீறலும், அதில் தங்கும் ஒவ்வொரு மழைத்துளியும் எதிர் விளக்கைச் சிதறவைக்கின்றன. நீரால் நனைத்து, தூசி இளகிய பிறகு மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். கீறல் விழுந்த கவசத்தை மாற்றுங்கள். பெரும்பாலான ஹெல்மெட்டுகளுக்குக் கவசம் மட்டும் தனியாகக் கிடைக்கும். கறுப்பு நிறக் கவசத்தை இரவில் அணியவே கூடாது. ஈரச் சாலையில் எதிர் விளக்கு தரையிலும் பட்டு இரட்டிப்பாகத் தெரியும்; கோடுகளும் மறைந்துபோகும். நீர் தேங்கிய பள்ளம் எது, சமமான தார் எது என்று பிரித்தறிய முடியாத அந்த நேரத்தில், சாலையோரக் கடையருகே ஒதுங்கி மழை தணியும் வரை நிற்பதால் பணிக்குச் சற்றுத் தாமதமாகலாம். அதை உங்கள் மேலாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுங்கள். பின்னால் ஆள் ஏறும்போது உங்கள் ஸ்கூட்டரின் விளக்கும் மேலே ஏறுகிறது என்பதால், வழக்கமாக இருவர் செல்வதானால், இருவரும் அமர்ந்த நிலையில் சுவரில் வெளிச்சம் விழும் உயரத்தைப் பார்த்து விளக்கின் திருகைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.