2022 ஆல்பங்கள்: எந்தப் பாட்டிலிருந்து தொடங்குவது?

நண்பருக்கு வணக்கம். ரீல்ஸில் கேட்ட ‘மல்லிப்பூ’ பிடித்துப்போய், அது இடம்பெற்ற ‘வெந்து தணிந்தது காடு’ ஆல்பத்தைத் திறந்தால் மற்ற பாடல்கள் மனத்தில் ஒட்டுவதில்லை என்றும், 2022 இல் வந்தவற்றுள் முழுதாகக் கேட்கத் தக்கது எது என்றும் கேட்டிருந்தீர்கள்.

அவ்வாண்டில் எனக்கு மிகவும் பிடித்தது, ஏ.ஆர்.ரகுமானின் ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம். அதை ஆர்ப்பரிக்கும் ‘சோழா சோழா’விலிருந்து தொடங்காமல், ஓடக்காரப் பெண் பூங்குழலிக்காக அந்தரா நந்தி பாடிய ‘அலைகடல்’ பாட்டிலிருந்து தொடங்குங்கள். இரவில், விளக்கை அணைத்துவிட்டுக் கேட்டால் அந்தக் குரலைச் சுற்றியுள்ள வெறுமையும் சேர்ந்து கேட்கும். அடுத்து ‘பொன்னி நதி’. அதில் வரும் பம்பா பாக்யாவின் கனத்த அடிக்குரல் மொபைல் ஸ்பீக்கரில் பாதி காணாமல் போய்விடும் என்பதால் ஹெட்போன் அவசியம். ஜூலை 31 அன்று அப்பாட்டு வெளியாகி ஐந்து வாரம்கூட நிறையாத நிலையில், செப்டம்பர் 2 அன்று அவர் மறைந்தார். அந்த மறைவை நினைக்காமல் இன்றும் என்னால் அப்பாட்டைக் கேட்க முடிவதில்லை.

‘வெந்து தணிந்தது காடு’ ஆல்பத்தைக் கைவிட்டுவிடாதீர்கள். தொலைவிலிருக்கும் கணவனுக்காக ஏங்கும் பெண்ணின் குரலாகத் தாமரை எழுதிய ‘மல்லிப்பூ’வைக் கேட்ட கையோடு, இதற்கும் இசையமைத்த ரகுமானே பாடிய ‘மறக்குமா நெஞ்சம்’ பாட்டையும் கேளுங்கள். பாடல்களின் வரிசையைக் கலைத்துவிடும் ஷஃபிளை மட்டும் அணைத்துவிடுங்கள்.