ஓட்டம் நின்றால் சோறும் நிற்க வேண்டுமா?

கேள்வி: வாரம் ஐந்து நாள், மொத்தம் 50 கி.மீ. ஓடுவேன். எடை 70 கிலோ. ஓடும் முன் இரண்டு வாழைப்பழம், நாலு பேரீச்சை. ஓடி வந்ததும் வழக்கமான டிபனோடு கூடுதலாக இரண்டு தோசை. இப்போது முழங்காலுக்குக் கீழே எலும்பில் மயிரிழை விரிசல். ஆறு வாரம் ஓடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். குண்டாகிவிடக் கூடாதென்று இரவில் பப்பாளி மட்டும் சாப்பிடுகிறேன். அப்படியும் முதல் வாரமே ஒரு கிலோ ஏறிவிட்டது!
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஏறியது கொழுப்பு இல்லை. ஒரு கிலோ கொழுப்பு சேர ஏறக்குறைய 7,700 கலோரி மிஞ்ச வேண்டும். பப்பாளி தின்று ஒரே வாரத்தில் அது மிஞ்சாது. ஓடும் நாட்களில் தசையில் காலியாகிக்கொண்டிருந்த கிளைகோஜன் (தசை சேமித்து வைக்கும் மாவுச்சத்து) இப்போது நிரம்பியே நிற்கிறது. அது கிராமுக்கு மூன்று கிராம் தண்ணீரையும் பிடித்து வைக்கும். தராசு காட்டுவது பெரும்பாலும் அந்தத் தண்ணீரைத்தான்.

இனி கணக்கு. ஒரு கி.மீ. ஓட, எடையில் கிலோவுக்குச் சுமார் ஒரு கலோரி. உங்களுக்கு வாரம் 3,500, நாளுக்கு 500. சும்மா உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் பங்கைக் கழித்தால் 450. இதை முழுதாகக் குறைக்காதீர்கள். எலும்பு கூடுவதற்கும் தீனி வேண்டும். பற்றாக்குறையாகச் சாப்பிட்டு ஓடியதேகூட இத்தகைய விரிசலுக்கு ஒரு காரணமாக இருக்கலாம். 300-350 குறைத்தால் போதும். அதற்குச் சாப்பாட்டுத் தட்டில் கை வைக்கவே வேண்டாம். பழமும் பேரீச்சையும் 220, இரண்டு தோசை 260. ஐந்து நாளைக்கு 2,400. ஏழால் வகுத்தால் நாளுக்கு 340. ஓட்டத்துக்கென்று சேர்த்ததை எடுத்துவிட்டாலே கணக்கு முடிந்தது. மீதியால் ஆறு வாரத்தில் ஒரு கிலோ கூடினால் கூடட்டும்.

பப்பாளி இரவுதான் பெரிய தவறு. அதில் புரதம் பேருக்குத்தான் இருக்கிறது. அசையாத தசை சில நாளிலேயே மெலியத் தொடங்கும். சாப்பிடும் புரதத்தையும் முன்போல் பயன்படுத்திக்கொள்ளாது. அதனால் ஓய்வில் புரதம் குறையவே கூடாது. கிலோவுக்கு 1.6 கிராம் என்றால் உங்களுக்கு 112. ஒரே வேளையில் அடைக்காமல் பிரித்துச் சாப்பிடுங்கள். காலை நாலு இட்லி, இரண்டு முட்டை, பருப்பு தூக்கலாகச் சாம்பார்: 25 கிராம். மதியம் சோற்றோடு 100 கிராம் மீன் அல்லது கோழி, ஒரு கிண்ணம் தயிர், இரண்டு முட்டை வெள்ளைக்கரு: 38. மாலை 50 கிராம் கொண்டைக்கடலையில் சுண்டல், ஒரு டம்ளர் பால்: 16. இரவு மூன்று சப்பாத்தி, 100 கிராம் பனீர்: 27. படுக்கும் முன் இன்னொரு டம்ளர் பால். பாலும் தயிரும் பனீரும் கால்சியத்தையும் பார்த்துக்கொள்ளும். வைட்டமின் டி அளவை ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிட்டு, மாத்திரையை டாக்டர் சொன்னபடி எடுங்கள். நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

பசி மட்டும் பழைய நேரத்துக்கு வந்து நிற்கும். ஓட்டம் நின்றது வயிற்றுக்கு உடனே தெரியாது. மோர், வெள்ளரி, வேகவைத்த காய் என்று சமாளியுங்கள். இன்னொன்று: டாக்டர் அனுமதித்து முதல் வாரம் 3 கி.மீ. ஓடினால் செலவு 210 கலோரிதான். அன்றே பழமும் பேரீச்சையும் தோசையும் திரும்பி வந்தால், ஓய்வில் ஏறாத எடை அப்போது ஏறும். ஒரு மணி நேர ஓட்டத்தை எட்டும்வரை அவை வேண்டாம்.

கேள்வி: பரீட்சைக்காக நாலு வாரம் ஜிம்முக்குப் போக முடியாது. புரோட்டீன் பவுடரை நிறுத்தினால் தசையெல்லாம் கொழுப்பாகிவிடும் என்கிறான் நண்பன்.
- கல்லூரி மாணவர், மதுரை

பதில்: தசை வேறு, கொழுப்பு வேறு, ஒன்று மற்றொன்றாக மாறாது. நாலு வாரத்தில் பலமும் பெரிதாகக் குறையாது. பவுடர் ஒரு ஸ்கூப் என்பது புரதத்தில் நாலு முட்டைக்குச் சமம், அவ்வளவுதான். எது தோதோ அதைச் சாப்பிடுங்கள். மாஸ் கெய்னர் என்னும் எடை கூட்டும் பவுடர் குடிப்பவராக இருந்தால் அதை இன்றே நிறுத்துங்கள். அதில் பெரும்பகுதி மாவுச்சத்து. 100 கிராமில் 380 கலோரி வரும். உட்கார்ந்து படிப்பவருக்கு அது தொப்பைக்குத்தான் போகும். தசை பலத்துக்காக எடுக்கும் கிரியேட்டின் பவுடரை விட்டால் ஓரிரு கிலோ இறங்கலாம். தசையில் இருந்த தண்ணீர் அது, பயப்படாதீர்கள்.

கேள்வி: 15 வயது மகள் பள்ளிக் கபடி அணியில் ஆடுகிறாள். கணுக்கால் சுளுக்கி மூன்று வாரம் ஓய்வு. சோற்றைப் பாதியாக்கிவிட்டேன், சரிதானே?
- ஒரு தாய், திண்டுக்கல்

பதில்: வேண்டாம்மா, இன்றைக்கே பழைய அளவுக்கு வையுங்கள். வளரும் பிள்ளைக்கு ஆட்டம் நின்றாலும் வளர்ச்சி நிற்பதில்லை. பயிற்சி நாளில் கொடுத்த குளுக்கோஸ் தண்ணீரையும் பாக்கெட் ஜூஸையும் மட்டும் நிறுத்துங்கள். முட்டை, கீரை, பால் அப்படியே இருக்கட்டும். மாதவிலக்கு தள்ளிப்போனால் சாப்பாடு போதவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். மூன்று மாதம் வராவிட்டால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.