கேள்வி நேரம்: ஒரே கார், வேறு வேறு உடம்பு

கே: பழைய ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் கோஸ்ட் படங்களில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு தோற்றத்தில் இருக்கிறதே, ஏன்? எஞ்சினையாவது மாற்றினார்களா?

ப: கம்பெனி விற்றது சேஸிஸும் (சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டம்) எஞ்சினும்தான். மேலே பாடி கட்டுவது பார்க்கர் போன்ற கூண்டு கட்டும் பட்டறைகளின் வேலை. நம் கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டுகிற மாதிரிதான்! வாங்குகிறவர் ரசனைக்கேற்ப உருவம் மாறியது.

எஞ்சின் விஷயம்தான் எனக்கு ருசி. 1907-இல் ஆறு சிலிண்டர், 7,036 சிசி. 1910-இல் ஸ்ட்ரோக்கை, அதாவது சிலிண்டருக்குள் பிஸ்டன் நகரும் தூரத்தை, நீட்டி 7,428 சிசி ஆக்கினார்கள். 1911-இல் லண்டனிலிருந்து எடின்பரோ போய்த் திரும்பும் ஓட்டம், முழுக்க டாப் கியரிலேயே! அதற்காக கம்ப்ரஷனைக் கூட்டி (சிலிண்டருக்குள் கலவையை இன்னும் இறுக்கி அழுத்துவது), பெரிய கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கருவி) வைத்தார்கள். பானெட்டும் (எஞ்சின் மூடி) முன்பக்கம் ஒடுங்கி, பின்னால் அகன்று, பாடியோடு வழுக்கிச் சேர்ந்தது. அதுவரை பானெட் ஒரு பெட்டி, பாடி இன்னொரு பெட்டி. அந்தக் கார் மணிக்கு 126 கிலோமீட்டர் தொட்டது. பிறகு இலகுவான ஒடுங்கிய பாடி மாட்டி இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையில் ஓட்டியபோது 164!

ஆனால் 1912-இல் ஆல்ப்ஸ் மலைப் போட்டியில், ஆஸ்திரியாவின் காட்ஷ்பெர்க் ஏற்றத்தில் ஒரு கோஸ்ட் திணறி நின்றது. ஆள்களை இறக்கிவிட்டுத்தான் ஏறியதாம். மூன்றே கியர், முதல் கியருக்கு இழுவை போதவில்லை. மறுவருடப் போட்டிக்கு நாலு கியரோடு போனார்கள்.