லாரிக்கு முன்னாடி போய் பிரேக் அடிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போன மாசம் திருமங்கலத்துல இருந்து விருதுநகருக்கு ஒரு கல்யாணத்துக்காக கார்ல போனோம். கள்ளிக்குடி பக்கம் ஒரு லாரி ரைட் டிராக்லயே போயிட்டு இருந்துச்சு, எவ்வளவு ஹார்ன் அடிச்சும் வழி விடல. எங்க வீட்டுக்காரர் கடுப்பாகி லெஃப்ட்ல ஏறி, முன்னாடி போய் வேணும்னே டக்குனு பிரேக் அடிச்சாரு. லாரி ஒரு முழத்துல வந்து நின்னுச்சு. பின் சீட்ல ரெண்டு பிள்ளைகளும் இருந்தாங்க. கேட்டா "அவனுக்குப் புத்தி வரணும்ல"ங்கிறாரு. நான்தான் தேவையில்லாம பயப்படுறேனா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: நீங்க பயந்தது சரிதான் தங்கச்சி. இந்தப் பதிலை அவருக்கு வாசிச்சுக் காட்டுங்க. நான் 22 வருஷம் லாரி ஓட்டுனவன், கேபின்ல உக்காந்திருக்கிற ஆளுக்கு என்ன தெரியும் என்ன தெரியாதுன்னு எனக்குத் தெரியும்.

பத்து வீல் வண்டி லோடோட சேத்து 28.5 டன் வரைக்கும் போகலாம்னு சட்டமே அனுமதிக்குது. உங்க கார் ஆளுகளோட ஒண்ணேகால் டன் இருக்கும்னு வச்சாக்கூட, இருபதுக்கு மேல காரை ஒண்ணாக் கட்டி ஓட்டிட்டு வர்ற மாதிரி. 60 கிலோமீட்டர் வேகத்துல வண்டி ஒரு செகண்டுக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடும். உங்க பிரேக் லைட்டைப் பாத்து டிரைவர் கால் பெடலுக்குப் போறதுக்குள்ளயே அந்த 17 மீட்டர் போயிரும், அதுக்கப்புறம் ஏர் பிரேக்ல காத்து குழாய் வழியா ஒவ்வொரு வீலுக்கும் போய்ப் பிடிக்கணும், அதுக்குப் பிறகுதான் வண்டி வேகம் குறையவே ஆரம்பிக்கும். அன்னைக்கு ஒரு முழத்துல நின்னுச்சுன்னா, உங்க வீட்டுக்காரர் கோவத்தை அந்த டிரைவர் முன்னாடியே கண்டுபிடிச்சு காலை பிரேக்கு மேல வச்சிருந்திருக்காருன்னுதான் எனக்குத் தோணுது. பிள்ளைகளைக் காப்பாத்துனது அந்த மனுசன்.

இதே மேலூர் பக்கத்துல இருந்து கிரானைட் கல்லு ஏத்திட்டு வர்ற வண்டியா இருந்திருந்தா? சடன் பிரேக் அடிச்சா கல்லு சங்கிலியை அத்துக்கிட்டு கேபின் மேல வரும், அந்த பயத்துல முழு பிரேக் மிதிக்கவே யோசிப்பாங்க. அப்புறம் நீங்க ஏறுன லெஃப்ட் சைடுதான் டிரைவருக்கு ரொம்ப மறைவான பக்கம். வண்டி மூஞ்சிக்கு நேரா கீழ ஒட்டி ஒரு சின்னக் கார் வந்துட்டா அதோட கூரைகூட மேல இருந்து தெரியாது.

ரைட் டிராக்ல ஊர்ந்துக்கிட்டே போனது லாரிக்காரர் தப்புதான், அதை நான் மறைக்கல. கனரக வண்டி லெஃப்ட்லதான் போகணும். ஆனா ஏன் போறாங்கன்னா, லெஃப்ட்ல லைட் இல்லாத டிராக்டர், எதுத்தாப்புல ராங் சைடுல வர்ற பைக், டீக்கடைக்கு ஓரங்கட்டுன வண்டின்னு ஏதாச்சும் நிக்கும், லோடு வண்டி ஒருதடவை ஸ்லோ ஆயிட்டா மறுபடி வேகம் எடுக்க கியர் கியரா மாத்திக்கிட்டு வரணும். அந்த அலுப்புதான், உங்கள அவமானப்படுத்தணும்னு இல்ல. கார்ல இருக்கிறவங்களுக்கு இது புரியவே மாட்டேங்குது, வழி விடலைன்னா நம்மளை மதிக்கலைன்னு எடுத்துக்கிறாங்க.

அடுத்த தடவை ரெண்டு ஹார்ன், ஒரு ஹெட்லைட், விடலையா, பின்னாடி நல்லா தள்ளி வரச் சொல்லுங்க. ரொம்ப மோசமா ஓட்டுறாங்கன்னா நீங்க நம்பரைக் குறிச்சு 1033க்கு அடிங்க, அது தேசிய நெடுஞ்சாலை உதவி எண். இன்னொண்ணு, பின்னாடி வந்து இடிச்சவன் மேலதான் எப்பவும் கேஸ்னு உங்க வீட்டுக்காரர் நினைச்சா அது தப்பு. வேணும்னே குறுக்க விழுந்து பிரேக் அடிச்சது யாரோ ஒருத்தர் கேமராவுல இருந்தா மோட்டார் வாகனச் சட்டம் 184வது பிரிவு அவர் மேலயும் வரும். முதல் தடவைக்கே 6 மாசத்துல இருந்து ஒரு வருஷம் ஜெயில், இல்லைன்னா 1,000ல இருந்து 5,000 ரூபா அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம்.

கேள்வி: அண்ணே, நான் லாரி டிரைவர். ரிங்ரோட்டுல ஒரு கார்க்காரர் வண்டியைக் குறுக்க நிறுத்தி நாலு பேரோட இறங்கி கதவைத் தட்டுறாரு. நாங்களும் மனுசங்கதான? எவ்வளவு பொறுக்குறது?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: தம்பி, இறங்காதீங்க. கதவு லாக், கண்ணாடி மேல, 112க்கு போன். கிளீனர் இருந்தா ஜாக்கி லீவரை எடுத்துட்டு இறங்க விடாதீங்க, அதுதான் பெரிய கேஸ் ஆகும். குறுக்க நிறுத்துனதே அவங்க மேல குத்தம்தான், போலீஸ் வரட்டும்.

நானும் ஒருதடவை இறங்கிருக்கேன். வாடிப்பட்டி தாண்டி, ராத்திரி, கையில ராடோட. அந்தப் பக்கம் கார்க்காரரு என் சட்டையைப் பிடிச்சிட்டாரு, ரெண்டு வண்டியும் நடு ரோட்டுல, பார்க்கிங் லைட்கூடப் போடல. பின்னாடி வந்த பஸ் டிரைவர் எப்படி ஒடிச்சுத் திருப்புனாருன்னு இன்னைக்கும் தெரியல, எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல அந்தக் காத்து அடிச்சது மட்டும் ஞாபகம் இருக்கு. கார்ல இருந்த அம்மா இறங்கி வந்து என் கையைத்தான் பிடிச்சாங்க, மகன் கையை இல்ல. அந்த ராடை நான் அப்பவே வண்டிக்குள்ள போட்டுட்டேன்.

உங்க தூக்கத்தையும் பாருங்க. சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணி நேரம்தான் வேலை. அதுக்கு மேல ஓட்டச் சொல்றாங்கன்னு எனக்கும் தெரியும், ரெண்டு நாள் தூங்காதவனுக்கு சும்மா ஹார்ன் அடிச்சாலே வெறி வரும். ஓனர்கிட்ட நீங்க முதல்ல பேச வேண்டியது அந்த விஷயத்தைத்தான். அந்த பல சத்தம் வர்ற ஏர் ஹார்னையும் கழட்டிருங்க, அது தடை பண்ணது, கார்ல தூங்குற குழந்தை அலறி எந்திரிச்சா அப்பனுக்குக் கோவம் வரத்தான் செய்யும்.

கேள்வி: லாரிக்காரங்க ரைட் இண்டிகேட்டர் போட்டா ஏறிப் போங்கன்னு அர்த்தமா, ஏறாதீங்கன்னு அர்த்தமா?
– வாசகர், ஒத்தக்கடை

பதில்: ஆளுக்கு ஒரு அர்த்தம் வச்சிருக்காங்க, அதை நம்பி ஏறாதீங்க. எதுத்தாப்புல ரோடு காலியா இருக்கிறதை உங்க கண்ணால பாத்துட்டு ஏறுங்க.