கல்ஃப் மெடிக்கல் மாதிரி ஆயிரும்னு எச்.ஐ.வி டெஸ்ட்டுக்கே பயப்படுற ஃப்ரெண்ட எப்படி கூட்டிட்டு போறது?

உங்க ஃப்ரெண்டுக்கு எச்.ஐ.வி இருக்குமோன்னு சந்தேகம் இருக்கு, ஆனா டெஸ்ட்னு சொன்னாலே பேச்ச மாத்துறான், வெளிய தெரிஞ்சா தங்கச்சி கல்யாணம் நின்னுரும்னு பயப்படுறான்னு எழுதியிருக்கீங்க. இத பத்தி ஊர் நினைப்ப எப்படி மாத்துறதுன்னும் கேட்டிருக்கீங்க. நானும் கன்னியாகுமரி மாவட்டத்துல குளச்சல் பக்கம்தான், அவன் பயம் எங்கேருந்து வருதுன்னு நல்லாவே தெரியும்.

நம்ம மாவட்டத்துல நிறைய பேருக்கு எச்.ஐ.வி டெஸ்ட்னா கல்ஃப் போறதுக்கு முன்னாடி எடுக்குற மெடிக்கல்தான். அதுல பாசிட்டிவ்னா அன்ஃபிட், விசா போச்சு, ஏஜெண்டுக்கு தெரியும், அப்புறம் ஊருக்கே தெரியும். என் சொந்தத்துல ஒரு அண்ணனுக்கு அப்படித்தான் ஆச்சு, அவரு வீட்ல சொல்றதுக்கு முன்னாடியே தெருவுல பேச்சு வந்துட்டு, அதுக்கப்புறம் அவங்க வீட்ல ஒரு சாயா குடிக்க கூட ஆள் போகல. அந்த பெரியம்மா அழுதத இப்ப நினைச்சாலும் ஆத்திரமா வருது. இத பாத்து வளர்ந்தவன் டெஸ்டுக்கு எப்படி தைரியமா போவான்?

ஆனா ஜிஹெச்ல, அதான் அரசு ஆஸ்பத்திரில, எச்.ஐ.வி டெஸ்ட்டுக்குன்னே இருக்க நம்பிக்கை மையம் வேற மாதிரியாக்கும். காசு கிடையாது. முதல்ல கவுன்சிலர் தனியா உக்கார வச்சு பேசுவாங்க, நீங்க சம்மதிச்சாத்தான் ரத்தம் எடுப்பாங்க, ரிசல்ட்டையும் உங்ககிட்ட மட்டும்தான் சொல்லணும். 2017ல வந்த எச்.ஐ.வி சட்டம் 2018 செப்டம்பர்லேருந்து நடைமுறைல இருக்கு, அதுபடி ஒருத்தரோட ரிசல்ட்ட அவர் சம்மதம் இல்லாம வெளிய சொல்றதும் தப்பு, வேலை, படிப்பு, வைத்தியம், வாடகை வீடுன்னு எதுலயும் ஒதுக்குறதும் தப்பு. தெரிஞ்ச நர்ஸ் யாராவது பாத்துருவாங்கன்னு பக்கத்து ஜிஹெச்சுக்கு போக கூச்சமா இருந்தா ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு போங்க, அவ்ளோ கூட்டத்துல யார் எதுக்கு வந்தான்னு ஒருத்தரும் பாக்க மாட்டாங்க. முக்கியமா "நீ போயி எடு"ன்னு சொல்லாதீங்க, "வா, நானும் எடுக்குறேன்"னு சொல்லி நீங்களும் கைய நீட்டுங்க, அதுக்கு மேல ஒரு அட்வைஸும் வேண்டாம்.

ரிஸ்க் நடந்து கொஞ்ச நாள்தான் ஆச்சுன்னா நெகட்டிவ்னு வந்தாலும் நம்பிட்டு விட்ராதீங்க, மூணு மாசம் கழிச்சு திரும்ப எடுக்கணும்.

பாசிட்டிவ்னா சாவுன்னு நம்ம பெரியவங்க நினைக்கிறதுக்கு காரணம் இருக்கு, 1986ல சென்னைல டாக்டர் சுனிதி சாலமன் டீம் இந்தியாவுலயே முதன்முதலா எச்.ஐ.விய கண்டுபிடிச்சப்போ இதுக்கு மருந்தே கிடையாது, அப்ப கேட்ட பயம் இன்னும் மனசுல கெடக்கு. 2004லேருந்து எச்.ஐ.விய கட்டுப்படுத்துற ஏ.ஆர்.டி மருந்த அரசாங்கமே இலவசமா குடுக்குது, இப்ப நிறைய பேருக்கு தினம் ஒரே ஒரு மாத்திரைதான். விடாம சாப்பிட்டு வைரஸ் அளவு டெஸ்ட்ல தெரியாத அளவுக்கு கொறஞ்சு அப்படியே இருந்துச்சுன்னா உடலுறவு மூலமா இன்னொருத்தருக்கு பரவாது. கல்யாணம் பண்ணலாம், பிள்ளை பெத்துக்கலாம். ஒரே தட்டுல சாப்பிட்டாலோ, ஒரே குளத்துல குளிச்சாலோ, கொசு கடிச்சாலோ வராது, இத ஒவ்வொரு வீட்லயும் உரக்க சொல்லணும்.

ஊர் நினைப்ப மாத்துறதுக்கு கேட்டீங்கல்லா, கடற்கரைல நோட்டீஸ் ஒட்டி ஒண்ணும் நடக்காது. ஃபாதர்கிட்ட பேசி பூசை முடிஞ்சு ஒரு அஞ்சு நிமிஷம் கேளுங்க, அவர் பாவம் ஒழுக்கம்னு ஆரம்பிக்காம இது ஒரு நோய், மருந்து இருக்குன்னு மட்டும் சொன்னா போதும், அப்புறம் அன்பிய கூட்டத்துல, அதான் பங்குல பக்கத்து வீட்டுக்காரங்க சேர்ந்து ஜெபிக்கிற கூட்டத்துல, பொம்பளைங்களே மத்தத கேட்பாங்க. கர்ப்பமா இருக்கும்போது அவங்களுக்கு எப்படியும் இந்த டெஸ்ட் எடுக்குறாங்க, புருஷன்மார்தான் பாக்கி. கேம்ப் போடுறதா இருந்தா ஜூன், ஜூலை மீன்பிடி தடைக்காலத்துல போடுங்க, அப்பதான் விசைப்படகு ஆளுங்க கரைல இருப்பாங்க. சுகர், பிரஷர் கூட சேத்து இதையும் வைக்க சொல்லி கேளுங்க, அப்ப லைன்ல நிக்கிறவன யாரும் ஒரு மாதிரி பாக்க மாட்டாங்க.

உங்க ஃப்ரெண்ட் சொல்ற சம்பவம் இந்த ரெண்டு மூணு நாளைக்குள்ள நடந்ததுன்னா மட்டும் யோசிச்சிட்டு இருக்காதீங்க, 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா 28 நாள் சாப்பிடுற தடுப்பு மருந்து இருக்கு, நேரா ஆசாரிபள்ளம் போயி கேளுங்க. ஃபோன்ல மட்டும் பேசணும்னா எச்.ஐ.வி ஹெல்ப்லைன் 1097, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.